கொலுப் படம் ஏன் திரும்பி வந்தது?

சென்ற நவராத்திரியில் எங்கள் வீட்டுக் கொலுவைக் கைப்பேசியில் படம் எடுத்தேன். உறவினர்களின் வாட்ஸாப் குழுவில் போட்டதும் பாராட்டுகள் குவிந்தன. அந்த உற்சாகத்தில், படங்களை வாங்கி விற்கும் ஸ்டாக் தளம் ஒன்றுக்கும் அனுப்பிவைத்தேன். சில நாட்களில் பதில் வந்தது: ஏற்க இயலாது, போகஸ் சரியில்லை, நாய்ஸ் அதிகம்.

கைப்பேசியில் பளிச்சென்று இருக்கும் படத்தை வேண்டாம் என்கிறார்களே என்று கோபம்தான் வந்தது. பிறகு கணினித் திரையில் நூறு சதவீத அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தேன். மரப்பாச்சியின் முகம் மெழுகு பூசியதுபோல் இருந்தது. படிகளில் விரித்த பட்டுப் புடவையின் ஜரிகை, இழை தெரியாமல் வெறும் மஞ்சள் தீற்றலாகிவிட்டிருந்தது. தவறு அவர்களிடம் இல்லை.

இது பொழுதுபோக்கு விஷயம் மட்டுமல்ல. ஆசிய அமெரிக்கர்களின் வரலாற்றையும் பங்களிப்பையும் பள்ளிகளில் கற்பிக்க வேண்டும் என்ற சட்டம் நியூ ஜெர்சியில் 2022 ஜனவரியில் கையெழுத்தானது. பாடம் தயாரிப்பவர்களும் பத்திரிகைகளும் பொங்கலுக்கோ கொலுவுக்கோ படம் வேண்டுமென்றால் பெரும்பாலும் தேடுவது இத்தகைய தளங்களில்தான். நம் வீட்டுப் படங்கள் அங்கே இல்லையென்றால், பொருந்தாத ஏதோ ஒரு படம் நம் பண்டிகையின் முகமாகிவிடும்.

சரி, படம் எங்கே கெடுகிறது?

முதலில் நம் கண்ணை ஏமாற்றுவது கைப்பேசியின் திரை. இன்றைய கைப்பேசிகள் பலவும் 12 மெகாபிக்சல், அதாவது 1.2 கோடி பிக்சல் கொண்ட படங்களைத் தருகின்றன. அகலவாக்கில் எடுத்த படத்தைக் கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்துப் பார்க்கும்போது, அது ஏறத்தாழ 10 லட்சம் பிக்சலுக்குள் சுருங்கிவிடுகிறது. அந்தச் சுருக்கத்தில் குறைகள் மறைந்துபோகும். வாங்குபவரோ அதைச் சுவரொட்டி அளவுக்குப் பெரிதாக்கக்கூடும். அதனால்தான் பரிசோதிப்பவர்கள் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள்.

அடுத்தது வெளிச்சம். முழு அளவு கேமராவின் சென்சார் 36 மில்லிமீட்டர் நீளமும் 24 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. பெரும்பாலான கைப்பேசிகளின் சென்சார் பரப்பளவில் அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. சிறிய பாத்திரத்தில் சிறிதளவு மழைநீர்தான் சேரும். மாலை நேரத்தில், வீட்டு விளக்கொளியில், அந்தச் சென்சாருக்குக் கிடைக்கும் ஒளி மிகக் குறைவு. அப்போது மணல் தூவியதுபோல் தோன்றும் புள்ளிகளைத்தான் நாய்ஸ் என்கிறோம்.

அந்தப் புள்ளிகளை மறைக்கக் கைப்பேசி ஒரு வேலை செய்கிறது. பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் மார்க் லெவாய் கூகுளில் இருந்தபோது அவருடைய குழு வளர்த்தெடுத்த நுட்பம் இது. 2018இல் 'நைட் சைட்' என்ற பெயரில் பிக்சல் கைப்பேசிகளுக்கு வந்தது. இருட்டில் எடுக்க அருமையான வசதிதான். ஆனால் புள்ளிகளைத் துடைக்கும்போது ஜரிகை இழை, தலைமுடி, கோலமாவின் பொடி போன்ற நுண்ணியவையும் சேர்ந்து துடைக்கப்படுகின்றன. பிறகு கூர்மையாகக் காட்டுவதற்காக மென்பொருள் விளிம்புகளை அழுத்தி வரைய, பொம்மைகளைச் சுற்றி வெள்ளைக் கோடு விழுகிறது.

மூன்றாவது ஜூம். டெக்சஸின் பேர்லாண்ட் மீனாட்சி கோயிலிலோ கலிபோர்னியாவின் லிவர்மோர் சிவா விஷ்ணு கோயிலிலோ, வாகன நிறுத்தத்தில் நின்றபடியே விரல்களை விரித்து கோபுரத்தை அருகில் இழுக்கிறோம். லென்ஸ் மாறாமல் இருமடங்கு ஜூம் செய்தால், அது நடுப்பகுதியை வெட்டி எடுப்பதுதான். 12 மெகாபிக்சலில் மிஞ்சுவது 3. அடோபி ஸ்டாக், ஷட்டர்ஸ்டாக் போன்ற தளங்கள் கேட்கும் குறைந்தபட்ச அளவோ 4 மெகாபிக்சல். கைப்பேசி அதை மறுபடி 12ஆக ஊதிப் பெருக்கித் தந்தாலும், இல்லாத சிற்ப நுணுக்கம் வந்துவிடாது. கால்நடையாகக் கிட்டே போவதே சிறந்த ஜூம்.

போர்ட்ரெய்ட் மோடு இன்னொரு பொறி. பின்னணியை மங்கலாக்குவது லென்ஸ் அல்ல, கணக்கு. எது முடி, எது மல்லிகைச்சரம், எது ஜிமிக்கி என்று அந்தக் கணக்குக்கு எப்போதும் தெரிவதில்லை. பாதிச் சரம் தெளிவாகவும் பாதி கலங்கியும் நிற்கும்.

வீட்டு எல்.இ.டி. விளக்குகளும் படத்தைக் கெடுக்கலாம். அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்பதால் சில விளக்குகள் நொடிக்கு 120 முறை துடிக்கும். நம் கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பு, படத்தில் கருமையான பட்டைகளாக விழும். ஷட்டர் வேகத்தை 1/60 அல்லது 1/120 என வைத்தால் பெரும்பாலும் மறையும். ஊரில் 50 ஹெர்ட்ஸ். அங்கே எடுக்கும்போது 1/50 அல்லது 1/100.

கடைசியாக, நல்ல படத்தையும் கெடுத்துவிடும் பழக்கம் ஒன்று உண்டு. அக்கா எடுத்த படத்தை வாட்ஸாப்பில் வாங்கி, அதைத் தளத்துக்கு அனுப்புவது. சாதாரணத் தரத்தில் அனுப்பும் படத்தை வாட்ஸாப் வெகுவாகச் சுருக்கிவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். மூலப் படம் அப்படியே வரும்.

அடுத்த கொலுவுக்குச் செய்ய வேண்டியவை அதிகமில்லை. சுண்டல் தாளித்த கையோடு தொட்ட லென்ஸை முதலில் துடையுங்கள். விருந்தினர் வரும் மாலைவரை காத்திராமல், காலையில் திரையை விலக்கி ஜன்னல் வெளிச்சத்தில், வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டு எடுங்கள். சூரிய ஒளியும் மஞ்சள் விளக்கும் கலந்தால் குங்குமத்தின் நிறமே மாறிப்போகும். கைப்பேசியை முக்காலியில் நிறுத்தி, டைமரை வையுங்கள். ரா வடிவம் இருந்தால் அதில் எடுத்து, அளவோடு திருத்தி, ஜேபெக் ஆக மாற்றுங்கள். ஃபில்டர் வேண்டாம். முகம் அடையாளம் தெரிகிறவர்களிடம் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் வாங்குங்கள். குழந்தை என்றால் பெற்றோர் கையெழுத்திட வேண்டும்.

அனுப்பும் முன், கணினியில் நூறு சதவீத அளவில் ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை பாருங்கள். ஜரிகை இழை இழையாகத் தெரிந்தால் அனுப்புங்கள். தெரியாவிட்டால் அந்தப் படம் உறவினர் குழுவிலேயே இருக்கட்டும். கொலு ஒன்பது நாள் இருக்கிறது, மறுநாள் காலையில் இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம்.