அடிமுதல் உச்சிவரை கூரை

1960 ஏப்ரலில் அமெரிக்காவின் கார்பன்டேல் ஊரில் வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லருக்கு ஒரே நாளில் வீடு எழும்பியது. 60 முக்கோணப் பிளைவுட் பலகைகளை இணைத்த குவிமாடம். 1954இல் காப்புரிமை பெற்ற தம் வடிவத்திலேயே மனைவியுடன் 1971 வரை வாழ்ந்தார்.

அரைக்கோளம் நிறைய இடத்தைக் குறைந்த பரப்பால் மூடிவிடும். அதனால் குளிர்நாட்டில் வெப்பம் வெளியேறுவது குறைகிறது. ஆனால் அங்கே சுவர் என்று தனியாக ஒன்றுமில்லை; அடிமுதல் உச்சிவரை கூரைதான். சாய்கூரையில் மேல் ஓடு கீழ் ஓட்டின்மேல் படிந்திருப்பதால் தண்ணீர் வழிந்தோடிவிடும். குவிமாடத்திலோ மூட்டுகள் எல்லாத் திசைகளிலும் போகின்றன. கீழே நிமிர்ந்து நிற்கும் பலகை, உச்சியில் ஏறக்குறையப் படுத்துவிடுகிறது. ஒரு பக்கம் வெயிலும் மறுபக்கம் நிழலுமாகப் பலகைகள் விரிந்து சுருங்க, மூட்டில் அடைத்த பசை நாளடைவில் விட்டுவிடும். ஃபுல்லரின் வீடும் ஒழுகியது. பிறகு அதன்மேல் ஷிங்கிள் எனும் கூரை வில்லைகளைப் பதித்தார்கள். சரிவு குறைந்த உச்சியில் ஷிங்கிளும் போதாது; மூட்டில்லாத ரப்பர் விரிப்போ பூச்சோ வேண்டும்.

1970, 1971இல் குவிமாடக் கையேடுகள் வெளியிட்ட லாயிட் கான், இந்த வீடுகளில் வாழ்ந்து பார்த்து மனம் மாறினார். நன்றாக விற்ற தம் நூலையே மேற்கொண்டு அச்சிடாமல் நிறுத்தினார். அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

மூட்டையே ஒழித்தால் என்ன? ஐடஹோ மாநிலத்தில் டேவிட் சவுத்தும் அவர் சகோதரர்களும் 1976இல் அதைச் செய்தார்கள். பெரிய துணிப்பையைக் காற்றால் ஊதி நிறுத்தி, உள்ளிருந்து பாலியூரிதேன் நுரையைத் தெளித்து, கம்பி கட்டி, கான்கிரீட்டைப் பீய்ச்சினார்கள். வெளித்துணியே கூரைத்தோலாக நின்றுவிடுகிறது.

அடுத்த சிக்கல் குளிர். சூடான காற்றை ஊதினால் அது நேரே உச்சிக்கு ஏறிவிடும். கால் சில்லிட்டுக் கிடக்கும். வளைந்த சுவரில் ரேடியேட்டரைப் பொருத்துவதும் பாடு. தரையைச் சூடாக்குவதே இந்த வடிவத்துக்குப் பொருந்தும். அடியில் வெப்பக்காப்புப் பலகை, அதன்மேல் பிளாஸ்டிக் குழாய்கள், அவற்றை மூடிக் கான்கிரீட். வட்டத் தரையில் குழாயைச் சுருள்சுருளாகப் பதிப்பது எளிது. போகும் குழாயும் திரும்பும் குழாயும் பக்கத்தில் பக்கத்தில் அமைவதால் சூடு சீராகப் பரவும். வெப்பம் அதிகம் வெளியேறும் விளிம்பில் குழாய்களை நெருக்கிப் போடுவார்கள். 35, 40 டிகிரித் தண்ணீரே போதும். நடமாடும் இடங்களில் தரை 29 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய வரையறை. கான்கிரீட் சூடேறப் பல மணி நேரமாகும் என்பதால், குளிர்காலம் முழுக்க நிறுத்தாமல் மிதமாக ஓடவிடுவதே வழக்கம்.