வெட்டும் எஃகும் பற்றும் கையும்



கத்தியைப் பற்றிப் பேசுவது மொழிக்கெனக் கூடிய அவைக்கு ஏற்ற பொருள்தானா என்னும் ஐயம் சிலருக்கு எழக்கூடும். ஒரு மக்கட்கூட்டம் எந்தக் கருவியைக் கொண்டு உழைத்ததோ, அந்தக் கருவியின் சொற்கள் அதன் மொழியில் தங்கிவிடுகின்றன. கத்திக்கு ‘வாய்’ உண்டு, ‘முதுகு’ உண்டு, ‘அலகு’ உண்டு, ‘பிடி’ உண்டு என்று நம் முன்னோர் உறுப்புகள் வகுத்துப் பெயரிட்டனர். வாய் மழுங்கும், வாய் மடியும், பல் விழும். இச்சொற்கள் ஒவ்வொன்றும் எஃகுக்கு நேரும் வெவ்வேறு கேட்டைக் குறிக்கின்றன. அவற்றின் பின்னுள்ள அறிவியலை விளக்குவதும், கடும் உழைப்புக்குரிய மடங்காக் கத்தி ஒன்றை எவ்வாறு மதிப்பிடுவது எனக் காட்டுவதும் இவ்வுரையின் நோக்கம்.

மலைத் தோட்டத்தில் கத்தியின் பணி

பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா செல்லும் மலைப்பாதையில் அமைந்த ஊர் திரிங்காப். 1885-ஆம் ஆண்டில் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இம்மலைப் பகுதியை ஆராய்ந்தார். அவர் பெயரே மலைக்கும் நிலைத்தது. 1929-இல் போ தேயிலைத் தோட்டம் நிறுவப்பட்ட பின்னர், தமிழ்நாட்டிலிருந்து வந்த உழைப்பாளர் பலர் இம்மலைச் சரிவுகளில் காடு திருத்தினர், தேயிலை நட்டனர். அவர்தம் கையில் இருந்த கருவிகளுள் முதன்மையானது கத்தி.

தேயிலைச் செடியை வளரவிட்டால் அது மரமாகிவிடும். எனவே, மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனைத் தாழ வெட்டிப் புதுத்துளிர் விடச் செய்வர். தோட்டத் தமிழர் இதனைக் ‘கவ்வாத்து’ என்பர். விரல் பருமனும் அதற்கு மேலும் உள்ள முற்றிய கிளையை ஒரே வீச்சில், சாய்வாக, பட்டை கிழியாமல் வெட்ட வேண்டும். மழுங்கிய கத்தி கிளையை நசுக்கிப் பிளக்கும். பிளந்த இடத்தில் நீர் தங்கும், பூஞ்சணம் புகும், கிளை நுனியிலிருந்து கீழ்நோக்கிப் பட்டுப்போகும். பல பத்தாண்டுகள் பயன்தர வேண்டிய செடி ஒன்று, ஒரு கத்தியின் குறையால் பழுதாகிவிடும். இக்காலத்தில் இயந்திரக் கவ்வாத்து பரவியிருப்பினும், செடி ஒன்றைத் தனித்துப் பார்த்துத் திருத்துவதற்குக் கைக்கருவியே வேண்டும்.

கவ்வாத்துக் கத்தியுடன் இந்நாட்டு மலாய் மக்களின் ‘பாராங்’ கத்தியும் நம்மவர் கைக்கு வந்து சேர்ந்தது. புதர் வெட்டவும், மூங்கில் பிளக்கவும், விறகு தறிக்கவும் அது பயன்படுகிறது. ஒருநாளில் பன்னூறு முறை ஓங்கி வீசப்படும் இத்தகைய கத்திக்கு இரண்டு கேள்விகள் உண்டு: அலகு தாங்குமா? கை தாங்குமா?

கடினமும் முறியாமையும்

எஃகின் பண்புகளைப் பேசும்போது, ‘உறுதி’ என்னும் ஒரே சொல்லால் இரு வேறு பண்புகளைக் குறித்துவிடுகிறோம். மேற்பரப்பில் கீறலோ பள்ளமோ விழாமல் எதிர்க்கும் பண்பைக் ‘கடினம்’ என்போம். அடி விழும்போது அந்த ஆற்றலை உள்வாங்கிக்கொண்டு உடையாமல் நிற்கும் பண்பை ‘முறியாமை’ என்போம். கண்ணாடி கடினமானது, ஆனால் கீழே விழுந்தால் நொறுங்கும். ஈயம் எளிதில் நொறுங்காது. ஆனால் நகம் பட்டாலும் கீறல் விழும். கத்திக்கு இரண்டும் வேண்டும். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று பெரும்பாலும் குறையும். கொல்லரின் கலை முழுவதும் இந்த இழுபறியில் அடங்கியுள்ளது.

கடினத்தை அளக்க ராக்வெல் அளவுமுறை பயன்படுகிறது. சமையலறைக் கத்தி பெரும்பாலும் அதில் 56 முதல் 62 வரை நிற்கும். பாராங் போன்ற வீச்சுக் கத்திக்கு 50-ஐ ஒட்டிய அளவு போதும். முறியாமையை அளப்பது பிரெஞ்சுப் பொறியாளர் ஜார்ஜ் சார்ப்பி 1901-இல் வகுத்த சோதனை. பாரமான ஊசல் ஒன்றை உயரத்திலிருந்து விடுவித்து, வெட்டுக்குறி இட்ட எஃகுத் துண்டை உடைக்கச் செய்வர். உடைத்த பின் ஊசல் எவ்வளவு உயரம் எழுகிறதோ, அதைக் கொண்டு எஃகு உட்கொண்ட ஆற்றலைக் கணக்கிடுவர்.

எஃகின் இயல்பைத் தீர்மானிப்பது கரிமம். இரும்பைச் செஞ்சூடாகக் காய்ச்சும்போது அதன் அணுக்களின் அடுக்கு மாறி, கரிம அணுக்கள் உள்ளே கரைகின்றன. உடனே எண்ணெயிலோ நீரிலோ அமிழ்த்தினால், கரிமம் வெளியேற நேரமின்றி அடுக்கினுள் சிக்கிக்கொள்கிறது. இறுகிய இந்நிலைக்கு மார்ட்டன்சைட்டு என்று பெயர். கொல்லர் இச்செயலைத் ‘தோய்ச்சல்’ என்பர். தோய்ச்சல் பெற்ற எஃகு மிகக் கடினமானது. ஆனால் கண்ணாடியைப் போல நொறுங்கக் கூடியது. ஆகவே, அதனை மீண்டும் இளஞ்சூட்டில் காய்ச்சிப் பதப்படுத்துவர். துலக்கிய பரப்பில் வைக்கோல் மஞ்சள் தோன்றினால் வெப்பம் ஏறத்தாழ 230 பாகை செல்சியசு. நீலம் தோன்றினால் ஏறத்தாழ 300. வெப்பம் ஏற ஏறக் கடினம் சற்றே குறையும்.

வகுப்பறையில் இதனை மூன்று தையல் ஊசிகளால் விளக்கலாம். ஆசிரியரே காப்புக் கண்ணாடி அணிந்து, குறடால் பிடித்துச் செய்ய வேண்டும். முதல் ஊசியைச் செஞ்சூடாக்கி மெல்ல ஆறவிட்டால் அது வளைந்து, வளைந்தபடியே நிற்கும். இரண்டாவதைச் செஞ்சூடாக்கி நீரில் அமிழ்த்தினால், வளைக்க முயன்றவுடன் முறியும். மூன்றாவதையும் அவ்வாறே அமிழ்த்திப் பின் துலக்கி, நீலநிறம் தோன்றும்வரை இளஞ்சூட்டில் காட்டினால், அது வளைந்து மீண்டும் நிமிரும். மூன்றும் ஒரே எஃகுதான். வேறுபாடு செய்தது வெப்பம் ஒன்றே.

எந்த எஃகு ஏற்றது?

பட்டறைக் கொல்லர் பலர் பழைய லாரியின் வில்பட்டையைக் கத்தியாக அடிப்பதற்கு வலுவான காரணம் உண்டு. வில்பட்டைக்கெனப் பயன்படும் 5160 என்னும் எஃகில் ஏறத்தாழ 0.6 விழுக்காடு கரிமமும், சிறிதளவு குரோமியமும் உள்ளன. ஆண்டுக்கணக்கில் சுமை தாங்கி வளைந்து நிமிர்வதற்கென ஆக்கப்பட்ட எஃகு அது. டி2 என்னும் கருவி எஃகில் ஏறத்தாழ 1.5 விழுக்காடு கரிமமும் 12 விழுக்காடு குரோமியமும் உள்ளன. அதன் வாய் நெடுநாள் மழுங்காது. ஆனால் அதனுள் பருமனான கார்பைடுத் துகள்கள் நிறைந்திருப்பதால் விரிசல் எளிதில் தொடங்கும். ஒத்த கடினத்தில் 5160-இன் முறியாமை அதனைவிடப் பல மடங்கு உயர்ந்தது. அட்டைப்பெட்டி அறுப்பவர்க்கு டி2 நன்று. முற்றிய கிளையில் ஓங்கி வெட்டுபவர்க்கு வில்லெஃகே நன்று.

தமிழகத்தின் பழம்பெரும் எஃகும் இவ்வுண்மையை உணர்த்தும். ஈரோட்டுப் பகுதியில் நொய்யல் ஆற்றங்கரையிலுள்ள கொடுமணலில் இரும்பும் எஃகும் ஆக்கிய தடயங்கள் அகழாய்வில் கிடைத்துள்ளன. தென்னிந்திய மூசை உருக்கெஃகு ‘வூட்சு’ என்னும் பெயரில் உலகெங்கும் புகழ்பெற்றது; அறிவியலறிஞர் மைக்கேல் பாரடே அதனை ஆராய்ந்து 1819-இல் கட்டுரை வெளியிட்டார். அவ்வெஃகில் கரிமம் 1.5 விழுக்காட்டை ஒட்டியிருந்தது. அதனை அளவறிந்த சூட்டில் பொறுமையாக அடித்து வாளாக்கினர். சூடு மிகுந்தால் சுத்தியலின் கீழேயே உதிர்ந்துவிடும். உயர்ந்த எஃகு எல்லாப் பணிக்கும் உயர்ந்தது என்று கொள்ளலாகாது.

எஃகின் பெயரை மட்டும் கேட்டுக் கத்தி வாங்குவதும் தவறு. நல்ல எஃகையும் மிகையாகக் காய்ச்சினால் அதன் உள்மணிகள் பருத்து, வாயில் பல் விழும். மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. அரத்தின் கடினம் ராக்வெல் அளவில் ஏறத்தாழ 65. ஆகையால் 50 முதல் 55 வரை கடினமுள்ள கத்தியை வெட்டும் இடத்திலேயே அரத்தால் தீட்டிக்கொள்ளலாம். 60-ஐத் தாண்டிய கத்தியில் அரம் வழுக்கும். சாணைக்கல்லைத் தேட வேண்டிவரும். மலைச்சரிவில் நிற்பவர்க்கு, நெடுநாள் மழுங்காத கத்தியைவிட விரைவில் தீட்டக்கூடிய கத்தியே உதவும். அத்தகைய எஃகு துருப்பிடிக்கும் என்பது மெய்யே. பணி முடிந்ததும் துடைத்து எண்ணெய் பூசும் பழக்கம் அதற்கு மருந்து.

பிடியின் இலக்கணம்

வெட்டும் ஆற்றல் அலகுக்குச் செல்வதும், வெட்டின் அதிர்ச்சி உடலுக்குத் திரும்புவதும் பிடியின் வழியாகவே. எனினும், வாங்குவோர் அலகைத் தட்டிப் பார்க்கின்றனர், பிடியை நோக்குவதில்லை.

பிடியின் குறுக்குவெட்டு முட்டை வடிவில் இருத்தல் வேண்டும். வட்டமான பிடி கைக்குள் சுழலும். அதனைத் தடுக்க உழைப்பாளி விரல்களை இறுக்க நேரும். முட்டை வடிவப் பிடியோ, வாய் எத்திசையில் நிற்கிறது என்பதைக் கண் பாராமலேயே கைக்கு உணர்த்தும். கவ்வாத்தின் சாய்வு வெட்டுக்கு இவ்வுணர்வு இன்றியமையாதது.

பிடியின் பருமனும் அளவோடு அமைதல் வேண்டும். வலுவாகப் பற்றும் பணிகளுக்கு 30 முதல் 45 மில்லிமீட்டர் வரையிலான விட்டம் பெரும்பாலோர்க்குப் பொருந்தும். மிக மெல்லிய பிடியைப் பற்றினால் விரல்நுனிகள் உள்ளங்கையில் அழுந்தும். மிகப் பருத்த பிடியை விரல்கள் சூழ்ந்து பற்ற இயலாது. சிறிய கைகளை உடையோர் பிடியைச் செதுக்கித் தமக்கேற்ப அமைத்துக்கொள்ளலாம். மரப்பிடியின் பெருமை அதுவே. பிடியின் கடைப்பகுதி சற்றே புடைத்தோ வளைந்தோ இருப்பின், வீச்சின்போது கத்தி கையைவிட்டு நழுவாது.

மழையும் மூடுபனியும் மிகுந்த மலையில் ஈரக்கையின் சிக்கல் பெரிது. பளபளக்கும் வார்னிசு பூசிய பிடி கடையில் அழகாகத் தோன்றும். ஈரத்தில் வழுக்கும், வெயிலில் கொப்புளம் எழுப்பும். பட்டறிவுடையோர் அப்பூச்சைச் சுரண்டி நீக்கி, எண்ணெய் தேய்த்துப் பயன்படுத்துவர். துருத்தி நிற்கும் ஆணித்தலையும், கூரிய விளிம்பும் நண்பகலுக்குள் உள்ளங்கையைப் புண்ணாக்கும். அலகின் வால், பிடிக்குள் எவ்வளவு ஆழம் சென்றுள்ளது என்பதும், பிடியின் வாயிலுள்ள பூண் இறுக்கமாக உள்ளதா என்பதும் உயிர்காக்கும் செய்திகள். ஈரத்தில் ஊதியும் வெயிலில் சுருங்கியும் மரம் தளர்வதால், நாள்தோறும் அசைத்துப் பார்த்த பின்னரே கத்தியை வீச வேண்டும்.

பிடி எவ்வளவு நன்றாக அமையினும், அலகின் எந்த இடத்தால் வெட்டுகிறோம் என்பதைப் பொறுத்தே கைக்கு வரும் அதிர்ச்சி அமையும். மாணவர் இதனை ஒரு மீட்டர் நீள மரக்கோலால் ஆராயலாம். கோலின் ஒரு முனையைத் தளர்வாகப் பற்றிக்கொண்டு, அதன் பல இடங்கள் படுமாறு மேசை விளிம்பில் மெல்லத் தட்டுக. கைக்கு அருகிலும் கோலின் நுனியிலும் தட்டும்போது கையில் அதிர்வு உறைக்கும்; பற்றிய முனையிலிருந்து ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குத் தொலைவில் தட்டும்போது அதிர்வு மிகவும் தணியும். இயற்பியல் இதனைத் தாக்கு மையம் என்று கூறும். பாராங்கின் அலகு நுனிக்கு முன்பாக அகன்று பாரம் மிகுந்திருப்பதால், அம்மையம் கைக்கு அப்பால் தள்ளி, வெட்டு விழும் அகன்ற பகுதிக்கு அணுக்கமாகிறது. பாராங்கை வடிவமைத்த கொல்லர் இதனைச் சமன்பாட்டால் அறிந்தாரல்லர். தம் மணிக்கட்டால் அறிந்தார்.

இரண்டும் ஒன்றே

இதுகாறும் எஃகையும் பிடியையும் தனித்தனியே கூறினோம். உழைப்பாளியின் உடலில் இவை பிரிவதில்லை. எஃகு நொறுங்கும் இயல்பினதாயின் வாயில் பல் விழும். பல் விழுந்த கத்திக்கு வீச்சு மிகுதியாக வேண்டும். வீச்சு மிகுந்தால் கை இறுகப் பற்றும். இறுகப் பற்றிய கை விரைவில் சோரும். சோர்ந்த கையில் கத்தி திரும்பும். அவ்வாறே, பிடி நன்றாக இல்லாவிடில் வெட்டின் கோணம் தவறும். கோணம் தவறிய வெட்டு அலகைப் பக்கவாட்டில் முறுக்கும். நல்ல எஃகும் அதனால் பழுதடையும். ஒன்றின் குறை மற்றொன்றின் மீது ஏறுகிறது. இறுதியில் அதனைச் சுமப்பது தோளும் மணிக்கட்டும்.

எனவே, கடும் உழைப்புக்குரிய கத்தியைக் கடையில் காகிதம் அறுத்துப் பார்த்து மதிப்பிடுவது போதாது. மாலையில் அதன் வாய் எவ்வாறு இருக்கிறது, பிடித்த உள்ளங்கை எவ்வாறு இருக்கிறது என்னும் இரண்டையும் சேர்த்து நோக்குவதே முறையான மதிப்பீடு. நாள்கூலிக்கு உழைப்பவர்க்கு இது வெறும் நுண்ணாய்வன்று. கை நொந்தால் மறுநாள் கூலியும் இல்லை.

ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். தேயிலைத் தோட்டத்தில் உழைத்த மூத்தோர் பலர் இன்னும் நம்மிடையே உள்ளனர். கத்தியின் உறுப்புகளுக்கும் குறைகளுக்கும் அவர்கள் வழங்கும் சொற்களை மாணவர் கேட்டுத் தொகுக்கட்டும். அச்சொற்களை அறிவியல் பாடத்தின் கடினம், முறியாமை, தாக்கு மையம் ஆகியவற்றோடு பக்கத்தில் பக்கமாக எழுதட்டும். கத்தியைத் தூக்கியவர் அறிந்ததும் நூலில் உள்ளதும் ஒரே அறிவு என்பதை மாணவர் தாமே கண்டுகொள்வர். தம் தாத்தாவும் பாட்டியும் செய்த வேலை எத்துணை நுட்பமானது என்பதையும் அறிவர்.