சிகரெட்டை நிறுத்த டாக்டர் எதற்கு?

மன உறுதி இருந்தால் போதாதா, இதற்குப் போய் டாக்டரா என்று பலர் கேட்கிறார்கள். பெரும்பாலானோருக்குப் போதாது. புகையை இழுத்த சில நொடிகளில் நிகோடின் மூளைக்குப் போய், அங்கே டோபமைனைச் சுரக்க வைக்கிறது. சுமார் இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் நிகோடினின் அளவு பாதியாகிவிடும். எரிச்சலும் பதற்றமும் தலைதூக்கும், கை தானாகப் பாக்கெட்டைத் துழாவும். விட்ட முதல் வாரம்தான் கொடுமை; பெரும்பாலும் நான்கு வாரங்களில் தவிப்பு அடங்கிவிடும். அதுவரைதான் துணை மிகவும் தேவை.

லண்டனில் மைக்கேல் ரஸ்ஸல் குழுவினர் 1979இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வேறு எதற்காகவோ வந்த புகைப்பிடிப்பவர்களிடம் குடும்ப மருத்துவர்கள் ஓரிரு நிமிடம் பேசி, துண்டறிக்கை கொடுத்து, பிறகு விசாரிப்போம் என்றும் சொன்னார்கள். ஓராண்டு கழித்து 5.1 சதவீதம் பேர் விட்டிருந்தார்கள். எதுவும் சொல்லப்படாதவர்களில் 0.3 சதவீதம்தான். பிரஷர் மாத்திரைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் புகைப்பிடிக்கிறீர்களா என்று கேட்டே ஆக வேண்டும்.

தவிப்பைத் தணிக்கும் நிகோடின் சூயிங்கத்தை மெல்லவும் சொல்லித்தர ஆள் வேண்டும். பபிள்கம் போல விடாமல் மென்றால் மருந்து வயிற்றுக்குள் போய் வீணாகும், விக்கலும் வரும். மெதுவாக மென்று, மிளகு போலச் சுரீரென்றதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்க வேண்டும். வாயின் உட்தோல் வழியாகத்தான் மருந்து ஏறுகிறது. காபியின் அமிலம் அதைத் தடுக்கும் என்பதால், மெல்லுவதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே காபி வேண்டாம்.

நடுவில் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துவிட்டாலும் டாக்டரை மறுபடி போய்ப் பாருங்கள். நேரில் போகத் தயக்கமா? புகையை விட உதவும் மத்திய அரசின் இலவச எண் 1800-11-2356.