தானிய லாரிகளின் இருவேகப் பின்னச்சு: ஓட்டும் முறையும் பழுது நீக்கும் முறையும்

வட அமெரிக்காவின் கோதுமைச் சமவெளிகளாகிய கான்ஸஸ், வட டக்கோட்டா, சஸ்காச்சுவான் முதலிய பிரதேசங்களில், 1940-களிலும் 1950-களிலும் செய்யப்பட்ட பழைய லாரிகள் சில, அறுவடைக் காலத்தில் தானியம் சுமக்கும் வேலையை இன்றும் செய்து வருகின்றன. ஒரு புஷல் கோதுமையின் எடை 60 பவுண்டு. ஆகவே 200 புஷல் ஏற்றினால் சரக்கின் பாரம் மட்டும் 12,000 பவுண்டு ஆகிறது. இப்பாரத்துடன் வயலின் இளகிய மண்ணிலிருந்து புறப்படவும், சரக்கை இறக்கியபின் வெறும் வண்டியாகச் சாலையில் விரைந்து திரும்பவும் ஒரே என்ஜின் போதுமானதாக இருப்பதற்கு இருவேகப் பின்னச்சு பெரிதும் உதவுகிறது. இதனை முறையறிந்து ஓட்டினால் நெடுங்காலம் உழைக்கும். முறையறியாது ஓட்டினால் பற்கள் முறிவதுமன்றி, இறக்கத்தில் உயிருக்கும் அபாயம் நேரிடும்.

அமைப்பு

சாதாரணப் பின்னச்சில் கிரௌன் சக்கரம் டிபரென்ஷியலை நேரே சுழற்றும். இருவேகப் பின்னச்சிலோ இவ்விரண்டிற்கும் நடுவே சிறு பல்சக்கரத் தொகுதி ஒன்று உண்டு. நடுவிலுள்ள சக்கரம் பக்கவாட்டில் நகரக்கூடியது. அதைச் சுற்றிச் சிறு சக்கரங்கள் பொருந்தியிருக்கும். நடுச்சக்கரம் ஒரு பக்கம் நகர்ந்தால் தொகுதி முழுவதும் ஒன்றாகப் பூட்டப்பட்டுச் சுழலும், இது உயர்வேகம். மறுபக்கம் நகர்ந்தால் நடுச்சக்கரம் சுழலாமல் நிற்க, சிறு சக்கரங்கள் அதைச் சுற்றி உருண்டு வேகத்தைக் குறைத்து இழுவையை அதிகமாக்கும், இது தாழ்வேகம்.

ஈட்டன் கம்பெனியின் அச்சுக்களில் வழங்கிய விகிதங்களுள் ஒன்று, உயர்வேகத்தில் 6.33, தாழ்வேகத்தில் 8.81 என்பதாகும். அதாவது, உயர்வேகத்தில் மணிக்கு 40 மைல் செல்லும் வண்டி, அதே கியரில், அதே என்ஜின் சுழற்சியில், தாழ்வேகத்தில் சுமார் 29 மைலே செல்லும். நான்கு கியருள்ள வண்டிக்கு இவ்வாறு எட்டு வேகங்கள் கிடைக்கின்றன.

ஓட்டும் முறை

கியர்த் தண்டிலோ அதனருகிலோ உள்ள குமிழை நகர்த்துவது ஓர் உத்தரவு மாத்திரமே. முந்திய வண்டிகளில் என்ஜினின் வெற்றிட சக்தியும், பிந்தியவற்றில் சிறு மின்சார மோட்டாரும் அவ்வுத்தரவை நிறைவேற்றுகின்றன. மோட்டாரானது ஒரு வில்லை முறுக்கி வைக்கும். பற்களின்மேல் பாரம் இருக்கும்வரை நடுச்சக்கரம் நகராது. பாரம் தளரும் கணத்திலேயே நகரும். இவ்வொரு விஷயத்தை மனதிற் கொண்டால் மற்றவை யாவும் எளிதில் விளங்கும்.

தாழ்விலிருந்து உயர்வுக்கு மாற்ற, ஆக்ஸிலரேட்டரை மிதித்தபடியே குமிழை உயர்வுக்கு நகர்த்த வேண்டும். பிறகு காலை எடுத்துச் சிறிது பொறுக்க வேண்டும். அச்சு மாறியதும் மீண்டும் மிதிக்கலாம்.

உயர்விலிருந்து தாழ்வுக்கு மாற்ற, ஆக்ஸிலரேட்டரை மிதித்தபடியே குமிழைத் தாழ்வுக்கு நகர்த்தி, காலை எடுக்காமலே கிளச்சை விரைவாக மிதித்து விடவேண்டும். அந்தக் கணத்தில் என்ஜின் வேகம் ஏற, பற்கள் ஒத்துச் சேரும். மேட்டில் என்ஜின் திணறும்வரை காத்திராமல் முன்னதாகவே மாற்றுவது நலம்.

இறக்கத்தில் எச்சரிக்கை

இறக்கத்தில் இறங்கும்போது அச்சின் வேகத்தை ஒருபோதும் மாற்றலாகாது. நடுச்சக்கரம் ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் சேருமுன் பின் சக்கரங்களுக்கும் என்ஜினுக்கும் தொடர்பு அற்றுப்போகிறது. பற்கள் சேராவிடில் என்ஜின் வண்டியைத் தடுத்து நிறுத்தாது. முழுப் பாரமும் பிரேக்கின்மேல் விழும். பழைய டிரம் பிரேக்குகள் சூடேறினால் பிடிப்புக் குறையும். ஆதலால் உச்சியிலேயே தாழ்வேகத்திற்கு மாற்றி, அது சேர்ந்ததை உறுதி செய்துகொண்டு இறங்குக.

பழுதுகளும் பரிகாரமும்

அச்சு மாறவில்லையெனில் உடனே அதைப் பிரித்துப் போட வேண்டியதில்லை. பெரும்பாலும் குறை வெளியிலேயே இருக்கும்.

மின்சார வகையில், என்ஜினை நிறுத்தி, இக்னிஷன் சாவியை மட்டும் திருப்பிக் குமிழை நகர்த்துக. பின்னச்சில் மோட்டார் சுழலும் ஓசை கேட்கவேண்டும். கேளாவிடில் பியூஸ், சேஸிஸில் சேரும் எர்த் கம்பி, குமிழின் ஸ்விட்ச், மோட்டாரின் பிரஷ்கள் என்ற வரிசையில் சோதிக்க. 6 வோல்ட் வண்டிகளில் களிம்பேறிய ஓர் இணைப்பே மோட்டாரை முடக்கப் போதும். ஓசை கேட்டும் அச்சு மாறாவிடில் வில் முறிந்திருக்கலாம். அல்லது பெட்டியில் நீர் புகுந்து துருப்பிடித்திருக்கலாம். குளிர்நாடுகளில் அந்நீர் உறைந்தும் இயக்கத்தைத் தடுக்கும்.

வெற்றிட வகையில், வெடித்த ரப்பர்க் குழாயும் கிழிந்த ரப்பர்ப் படலமுமே முதலில் பார்க்கத்தக்கவை. குமிழை நகர்த்தும்போது என்ஜினின் மெதுவோட்டம் குலைந்தால் காற்றுக் கசிவு உண்டென்று அறியலாம்.

அச்சு உண்மையில் மாறியதா என்பதை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. முன் சக்கரங்களுக்கும், தரையில் நிற்கும் பின் சக்கரத்திற்கும் கட்டை கொடுத்து, மற்றப் பின் சக்கரத்தைத் தூக்கி, அச்சின் கீழ் உறுதியான தாங்கி வைக்க. பின்பு கியரை நடுநிலையில் வைத்து, கைப்பிரேக் புரொபெல்லர் தண்டைப் பிடிக்கும் வகையாயின் அதையும் தளர்த்த வேண்டும். தூக்கிய சக்கரத்தை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, புரொபெல்லர் தண்டு சுழலும் சுற்றுக்களை எண்ணுக. மேற்சொன்ன அச்சில் உயர்வேகத்திற்குச் சுமார் ஆறேகாலும், தாழ்வேகத்திற்கு எட்டே முக்காலுக்குச் சற்று அதிகமும் வரும். எண்ணிக்கை மாறாவிடில் அச்சும் மாறவில்லை.

ஓட்டத்தில் தானாகவே வேகம் விட்டுப்போகும் வண்டியில் நகரும் சக்கரத்தின் பற்களோ, அதைத் தள்ளும் கவையோ தேய்ந்திருக்கக்கூடும். அத்தகைய வண்டியில் பாரம் ஏற்றாமல், அச்சைப் பிரித்துப் பார்க்கவேண்டும்.

அச்சின் எண்ணெய் நிரப்பும் துளையின் விளிம்புவரை இருக்கிறதா என்று அறுவடைக்கு முன் பார்க்க. மாற்றும் பெட்டிக்குத் தனி எண்ணெய் உண்டென்பதையும் மறவாதிருக்க. இச்சோதனைகளைச் சரக்கு ஏற்றுமுன் கொட்டகையிலேயே முடிப்பது உத்தமம். பாரத்துடன் மேட்டின் உச்சியை அடைந்தபின் பழுதைக் கண்டுபிடிப்பதால் பயனில்லை.