டைப்-சி துளை இருந்தால் போதுமா?

கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் 1929இல் தொடங்கியது. அழகான சரிவுகள்தாம், ஆனால் மலை முகடுகள் கைத்தொலைபேசி அலைகளை மறைத்துவிடும். 2020இல் இல்லிருப்புக் கற்றல் வந்தபோது நாடெங்கும் பிள்ளைகள் கையகலத் திரையில் பாடம் படித்தார்கள். எதிரே தொலைக்காட்சி சும்மா கிடந்தது!

இரண்டையும் இணைப்பது எச்.டி.எம்.ஐ. கம்பி. முதல் வரையறை 2002 டிசம்பரில் வெளியானது. 19 ஊசிகள், படமும் ஒலியும் ஒன்றாகவே போகும். பதிவிறக்கி வைத்த பாடத்துக்கு இணையமே வேண்டாம்.

அடாப்டருக்கு ரிங்கிட்டை நீட்டுமுன் ஒரு கணக்கு. முழு எச்.டி. படத்தில் 1920 × 1080 புள்ளிகள். புள்ளிக்கு 24 பிட், விநாடிக்கு 60 படங்கள். பெருக்கிப் பாருங்கள்: விநாடிக்கு ஏறக்குறைய 300 கோடி பிட். எச்.டி.எம்.ஐ. இதைச் சுருக்காமல் அப்படியே அனுப்புகிறது. யு.எஸ்.பி. 2.0 தடத்தின் உச்சமோ 48 கோடி பிட்தான். அதனால் டைப்-சி துளை மட்டும் போதாது. அதன் ஊசிகளைப் படத்துக்கு ஒதுக்கும் 'டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்' வசதியும் வேண்டும். மலிவான கைத்தொலைபேசிகள் பலவற்றில் அது இல்லை. துளையின் வடிவம் ஒன்றே என்பதால் வெளியே பார்த்து அறிய முடியாது. தயாரிப்பாளரின் விவரப் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடுங்கள்.

வசதி உண்டா? கம்பியைச் செருகி, தொலைக்காட்சியின் ரிமோட்டில் 'சோர்ஸ்' பொத்தானை அழுத்தி, செருகிய துளையின் எண்ணைத் தேர்ந்தெடுங்கள். 2019 அக்டோபரில் அனலாக் ஒளிபரப்பு முற்றாக நின்றபின் வாங்கிய டிகோடர் ஒரு துளையைப் பிடித்திருக்கலாம், அடுத்ததைப் பாருங்கள்.

வசதி இல்லையா? காணொலியை விரலியில் ஏற்றி, தொலைக்காட்சியின் யு.எஸ்.பி. துளையில் செருகுங்கள். பெரும்பாலான தொலைக்காட்சிகளில் ஓடும், செலவும் குறைவு.