சாதியை அறிவித்த பின் அழிக்க முடியுமா? பாகுபாட்டை அளக்கும் சோதனைகள்

முசரவாக்கத்தில் நடந்த சட்ட விழிப்புணர்வுக் கூட்டமொன்றில் ஒரு தாய் கேட்டார்: “எம் பையனுக்கு வேலை கெடைக்காதது சாதியாலயா, மார்க்காலயான்னு எப்படிங்க நிரூபிப்பீங்க?” நீதிமன்றம் கேட்பதும் இதுவே. ஒரே மனிதர் ஒரே நேர்காணலுக்குத் தலித்தாகவும் தலித் அல்லாதவராகவும் செல்ல இயலாது. ஆகவே ஒப்பீடு தேவை. யாரை யாருடன் ஒப்பிடுவது என்பதே உளவியல் சோதனையாளரின் முதற்சிக்கல்.

கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகியோர் உத்தரப் பிரதேசக் கிராமப்புறத்தில் நடத்திய சோதனை 2006-இல் ‘அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ’ இதழில் வெளிவந்தது. ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்கள்; உயர்சாதியினர் 321 பேர், ஒடுக்கப்பட்ட சாதியினர் 321 பேர். தாளில் வரைந்த சிக்கல் பாதைகளுக்கு வழி கண்டுபிடிக்க வேண்டும்; விடைக்கேற்பப் பணம். சாதி சொல்லப்படாத குழுக்களில் இருதரப்பாருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பெயரோடு சாதியும் உரக்க அறிவிக்கப்பட்ட குழுக்களில் ஒடுக்கப்பட்ட சிறுவர்கள் தீர்த்த புதிர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன.

அதே சிறுவர்களை இரு சூழலிலும் ஏன் அமர்த்தவில்லை? அவ்வாறு செய்தால் குறைவான ஆட்கள் போதும். ஒவ்வொருவரும் தமக்கே ஒப்பீடாவர். ஆனால் இரண்டாம் முறை பழக்கமே கைகொடுக்கும். அதைவிட முக்கியம், ஒருமுறை அறிவித்த சாதியை அந்த அறையிலிருந்து அழிக்க முடியாது. (ஊரில் மட்டும் முடிகிறதா என்ன!) எனவே ஒவ்வொரு சிறுவனும் ஒரே சூழலில் மட்டும் பங்கேற்றான். குழுக்களே இயல்பில் வேறுபடும் அபாயத்துக்கு மருந்து, சீட்டுக் குலுக்குவது போலப் பிரிப்பதும் எண்ணிக்கையைக் கூட்டுவதுமே.

சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு வேறு வழி கண்டது. ஒரே வேலை விளம்பரத்துக்கு நிகரான தகுதியுள்ள விண்ணப்பங்கள். பெயர்கள் மட்டும் உயர்சாதி இந்து, தலித், முஸ்லிம் என மாறின. அடுத்த கட்டத்துக்கு அழைக்கப்படும் வாய்ப்பு விகிதம் தலித் பெயருக்கு, உயர்சாதிப் பெயரைப்போல் 0.67 மடங்கே; முஸ்லிம் பெயருக்கு 0.33. இது இணைகளை ஒப்பிடும் முறை. உயிருள்ள மனிதர்களை இவ்வளவு நிகராகப் பொருத்துவது அரிது; காகிதத்தில் முடிந்தது.

இத்தகைய ஆய்வுகள் சந்தையின் மீது குற்றம் சாட்டும். ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் மீது தாமாகச் சாட்டா. அந்தத் தாயிடம் விளம்பரத்தின் நகல், விண்ணப்பித்த தேதி, உடன் விண்ணப்பித்து அழைப்புப் பெற்ற நண்பனின் மதிப்பெண் ஆகிய மூன்றையும் எழுதிவைக்கச் சொன்னேன்.