வாசனை பட்டாலே மயக்கம்... கோளாறு உடம்பிலா, மனசிலா?

லிஃப்ட்டில் கூட வருபவர் அடித்திருக்கும் சென்ட், புதிதாக பெயின்ட் அடித்த சுவர், தரை துடைத்த ஃபினாயில்... பலருக்கு முகச்சுளிப்போடு முடிந்துவிடும். சிலருக்கோ தலைவலி, படபடப்பு, மூச்சுத்திணறல், நாள்கணக்கில் அசதி. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாமே நார்மல். ‘உங்களுக்கு ஒண்ணுமில்ல, எல்லாம் மனப்பிரமை’ என்ற பதிலோடு வீடு திரும்புவார்கள்.

மருத்துவ உலகில் இதற்கு ‘மல்டிபிள் கெமிக்கல் சென்சிடிவிட்டி’ என்று பெயர். அன்றாட ரசாயனங்கள் மிகக் குறைந்த அளவிலேயே சிலரை நோயாளியாக்குகின்றன என்று 1950-களில் சொன்னவர், சிகாகோவின் அலர்ஜி மருத்துவர் தெரோன் ராண்டால்ஃப். அன்று தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை. 1996-ல் பெர்லினில் கூடிய நிபுணர்கள், பெயரிலிருந்து ‘கெமிக்கல்’ என்ற சொல்லையே எடுக்கச் சொன்னார்கள். அந்தச் சொல் இருந்தால், காரணம் ரசாயனம்தான் என்று முடிவுகட்டியது போலாகிவிடுமே!

கண்ணைக் கட்டி ஒரு சோதனை

ரசாயனம் எது, வெறும் காற்று எது என்று தெரியாதபடி மறைத்துக் கொடுத்தால் என்ன ஆகும்? இப்படி நடந்த 37 ஆய்வுகளை 2006-ல் ஒன்றாக அலசினார்கள். வாசனை தெரியும்போது பாதிப்பு வந்தது. வித்தியாசம் தெரியாதபோது, ரசாயனத்துக்கும் வெறும் காற்றுக்கும் உடம்பு காட்டிய எதிர்வினையில் பெரிதாக வேறுபாடில்லை. ‘இது வந்தால் எனக்கு முடியாமல் போகும்’ என்ற எதிர்பார்ப்புக்கு இதில் பங்கு இருக்கலாம் என்றார்கள்.

எதிர்த்தரப்பு ஒப்புக்கொள்ளவில்லை. வாசனையை மறைக்கச் சேர்த்த இன்னொரு வாசனையே தொந்தரவு கொடுத்திருக்கலாம்; சில நிமிடச் சோதனை, மாதக்கணக்கில் ஒரு கட்டடத்துக்குள் வேலை பார்ப்பதற்கு ஈடாகாது என்பது அவர்கள் வாதம்.

மூளை கற்கும் பாடம்

பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வுகள் வேறொரு வழியைக் காட்டின. கெட்ட வாசனையோடு கார்பன் டை ஆக்ஸைடு அதிகம் கலந்த காற்றைச் சுவாசிக்க வைத்தார்கள். மூச்சு முட்டியது. பிறகு அதே வாசனையைச் சாதாரணக் காற்றில் கொடுத்தபோதும் பலருக்கு அதே தொந்தரவு! யாரும் நடிக்கவில்லை. ‘இந்த வாசனை ஆபத்து’ என்று மூளை கற்றுக்கொண்டது. உடம்பு அதன்படி நடந்தது.

2021-ல் கனடாவின் கியூபெக் மாகாணப் பொதுச் சுகாதார நிறுவனம், இந்த நோயைத் தீராப் பதற்றத்தோடு இணைத்து அறிக்கை வெளியிட்டது. நோயாளிகள் பலர் கொதித்தார்கள். ஆனால் அதே அறிக்கை, அவர்களின் உடம்பில் ஏற்படும் மாற்றங்களும் வேதனையும் நிஜம் என்றும் சொன்னது. அதே நாட்டின் மனித உரிமை ஆணையமோ, 2007-லேயே இதை மாற்றுத்திறனாகக் கருதி, சட்டப் பாதுகாப்பு உண்டு என்று அறிவித்திருந்தது.

பெயரில்தான் எல்லாமே இருக்கிறது. ‘உடம்பு’ என்றால் விடுப்பும் இழப்பீடும் கேட்கலாம். ‘மனசு’ என்றால் கேலிதான் மிச்சம். அதனால்தான் இவ்வளவு சண்டை. பதற்றத்தில் வேகமாகத் துடிப்பதும் நிஜ இதயம்தானே?

வீட்டில் ஒருவருக்கு இந்தத் தொல்லை இருந்தால்...

* முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். ஆஸ்துமா, மைக்ரேன், சரும அலர்ஜி போன்றவற்றையும் வாசனைப் பொருள்கள் தூண்டிவிடும். ‘மனப்பிரமை’ என்று ஒதுக்கினால் இவை தப்பிவிடும்.

* ஜன்னலைத் திறந்து வையுங்கள். தேவையில்லாத ரூம் ஃப்ரெஷ்னரைத் தவிர்க்கலாம்.

* எல்லா வாசனைக்கும் பயந்து வீட்டுக்குள்ளேயே முடங்க விடாதீர்கள். ஒதுங்க ஒதுங்க பயம் கூடலாம்.

* மனநல ஆலோசனைக்குப் போவதால் நோய் பொய்யாகிவிடாது. கற்ற பாடத்தை மூளை மறக்க அதுவும் ஒரு வழி.

காரணத்தை நிபுணர்கள் விவாதிக்கட்டும். ‘நடிக்காதே’ என்ற சொல்லை மட்டும் வீட்டில் இருப்பவர்கள் இன்றே நிறுத்திவிடலாம்.